வட்ட வீடுகளும் ஒரு கிரஷர் லோனும்

பெல்லாரி என்றதும் நம்மாட்களுக்கு முதலில் ஞாபகம் வருவது வெங்காயம்தான். திருநெல்வேலிப் பக்கம் பெரிய வெங்காயத்துக்குப் பெயரே பல்லாரி. என் மனைவி அந்தப் பக்கத்துக்காரி. எனக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்த அன்று, "போயும் போயும் வெங்காயத்துக்கா?" என்றாள். வெங்காயத்துக்கு அடுத்தபடி இரும்புத் தாது. அந்தக் கூத்தெல்லாம் 2011-ல் உச்ச நீதிமன்றம் சுரங்கங்களை நிறுத்தச் சொன்ன வரைக்கும் பேப்பரில் வந்ததுதான், எல்லோருக்கும் தெரியும்.

நான் இன்றைக்குச் சொல்ல வருவது மூன்றாவது விஷயம். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே மலைமேல் வட்ட வட்டமாக வீடு கட்டிக்கொண்டு, கொள்ளும் பச்சைப்பயறும் விளைவித்துச் சாப்பிட்ட ஜனங்களைப் பற்றி. எனக்கும் தொல்லியலுக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது. படித்தது பி.காம்., செய்வது பாங்க் வேலை. என்னை இதற்குள் இழுத்துவிட்டது ஒரு லோன் அப்ளிகேஷன்.

முதலில் ஊரைப் பற்றி. பெல்லாரி (2014-லிருந்து ஆங்கிலத்தில் பல்லாரி என்று எழுதுகிறார்கள்) தக்காணப் பீடபூமியில் இருக்கிறது. மழை வருஷத்துக்கு அரை மீட்டர் சொச்சம். சமவெளி முழுக்கக் கரிசல் மண். அதற்கு நடுவே, யாரோ லாரியில் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போன மாதிரி, உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்த கிரானைட் மலைகள். பச்சை என்று பார்த்தால் முள்ளுச்செடியும் கொஞ்சம் சீத்தாவும்தான். வந்த புதிதில் எனக்கு இந்த மலைகளைக் கண்டாலே சலிப்பாக இருக்கும். ஜன்னலைத் திறந்தால் பாறை, பஸ்ஸில் போனால் பாறை, வெயில் முடிந்து ராத்திரி ஆனாலும் அந்தப் பாறைச் சூடு.

கர்நாடகாவில் நிலத்துக்கு ஆர்.டி.சி. என்று ஒரு காகிதம் உண்டு. பஹணி என்பார்கள். நம்ம ஊர் சிட்டா அடங்கல் மாதிரி. அதில் சாகுபடிக்கு லாயக்கில்லாத நிலத்தை 'கராப்' என்று போட்டிருப்பார்கள். விவசாயக் கடன் பார்க்கும்போது எங்களுக்கு முதல் வேலை மொத்தப் பரப்பில் கராபைக் கழிப்பது. 4 ஏக்கர் 10 குண்டா நிலத்தில் 30 குண்டா கராப் என்றால், கடன் மிச்சத்துக்குத்தான். பாறை, ஓடை, மேடு எல்லாம் கராப். மலை என்றால் முழுக்கவே கராப். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

போன வருஷம் ஒரு டேர்ம் லோன் ஃபைல் என் டேபிளுக்கு வந்தது. ஸ்டோன் கிரஷர். ஜெல்லியும் எம்-சாண்டும் தயாரிக்கும் யூனிட். பார்ட்டி உள்ளூர்க்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏற்கெனவே இரண்டு டிப்பர் லோன் எடுத்து ஒரு தவணை தவறாமல் கட்டியவர். மலையில் ஒரு பகுதிக்குக் குவாரி லீஸ், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி, ப்ராஜெக்ட் ரிப்போர்ட், எல்லாம் கிரமமாக இருந்தன. (எந்த ஊர், எந்த மலை என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.) இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகவேண்டியதுதான் பாக்கி.

எங்கள் கிளையில் ஹெட் கேஷியராக இருந்தவர் ரிடையர்மென்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். மண்ணின் மைந்தர். ஃபைலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, "சார், மலையைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி சங்கனகல்லு மலையை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுங்க" என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "பார்த்தா தெரியும்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரே பைக்கில் வந்து நின்றார். நானும் பையனும் பின்னாலேயே போனோம்.

சங்கனகல்லு, கப்பகல்லு என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர். பெல்லாரி டவுனிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஊருக்கு மேலே மூன்று நான்கு குன்றுகள். சன்னராசம்மா குட்ட, ஹிரேகுட்ட என்று பெயர்கள். குட்ட என்றால் குன்று, ஹிரே என்றால் பெரிய. பாறை இடுக்கில் ஏறிப் போனால் மேலே தட்டையான இடங்கள் வருகின்றன. கேஷியர் காலால் மண்ணைத் தள்ளிக் காட்டினார். அரை வட்டமாகக் கற்கள் பதிந்து கிடந்தன. "இது ஒரு வீடு சார்." கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று.

வீடு என்று சொன்னால் நம்பச் சிரமமாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கேஷியர் கொடுத்த ஜெராக்ஸ்கள், பெல்லாரியில் ராபர்ட் புரூஸ் ஃபூட் பெயரில் இருக்கும் தொல்லியல் அருங்காட்சியகம், இன்டர்நெட் என்று மூன்று மாதம் ஓடியது. எனக்குப் புரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஃபூட் நமக்குத் தெரிந்தவர்தான். 1863 மே 30-ம் தேதி பல்லாவரத்தில் ஒரு பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவில் கற்காலம் என்று ஒன்று இருந்தது என்று காட்டிய ஜியாலஜிஸ்ட். அவர் அதற்குப் பிறகு பெல்லாரி ஜில்லா முழுக்க மலை மலையாக ஏறி இறங்கினார். இந்த ஜில்லா அன்றைக்கு மதராஸ் ராஜதானியில் இருந்தது. 1953-ல்தான் மைசூரோடு சேர்ந்தது. அதனால் ஃபூட் இங்கே பொறுக்கிய கல் கோடாலிகள் எல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தன. நாம் ஸ்கூல் டூரில் திமிங்கல எலும்பைப் பார்க்க ஓடும்போது கண்டுகொள்ளாமல் தாண்டிப் போன கண்ணாடிப் பெட்டிகளில் இந்த ஊர்ச் சமாச்சாரமும் உண்டு.

ஃபூட்டுக்குப் பிறகு 1940-களில் சுப்பாராவ் சங்கனகல்லில் தோண்டினார். 1948-ல் அவருடைய புத்தகம் வந்தது. 1960-களில் அன்சாரியும் நாகராஜ ராவும் தோண்டினார்கள். அதே காலத்தில் நாகராஜ ராவ் சிருகுப்பா தாலுகாவில் தெக்கலக்கோட்டை என்ற ஊரிலும் மலைமேல் தோண்டி, வட்டக் குடிசைகளையும் கற்கோடாலிகளையும், கூடவே தங்க நகையையும் எடுத்தார். 1990-களின் கடைசியிலிருந்து தார்வாட் பேராசிரியர் ரவி கோரிஷெட்டர், லண்டனிலிருந்து டோரியன் ஃபுல்லர், கேம்பிரிட்ஜிலிருந்து நிகோல் பொவான் என்று ஒரு குழு சங்கனகல்லு மலைகளைத் துருவியது. கார்பன் தேதியெல்லாம் போட்டு அவர்கள் கண்டது: கி.மு. 2000-ஐ ஒட்டி இங்கே ஆள் நடமாட்டம் தொடங்குகிறது. கி.மு. 1200 வாக்கில் மலையை விட்டு இறங்கிவிடுகிறார்கள். ஆக, சுமாராக எண்ணூறு வருஷம். நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் கட்டி ஆயிரம் வருஷம்தான் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எவ்வளவு நீளமான காலம் என்று தெரியும்.

வீடு எப்படி? பாறைகளுக்கு நடுவே சமமான இடம் பார்த்து, சமம் இல்லாவிட்டால் சரிவில் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பி, பின்னால் மண்ணைக் கொட்டி மேடை மாதிரி ஆக்கிக்கொள்வார்கள். அதன்மேல் வட்டமாகக் கம்பு நட்டு, மூங்கில் தட்டி கட்டி, மண் பூசி, மேலே கூம்பாகக் கூரை. தரையைத் திமிசு போட்ட மாதிரி இறுக்கியிருப்பார்கள். உள்ளே அடுப்பு, தானியப் பானை, அம்மி. சில இடத்தில் பெரிய பாறையே வீட்டுக்கு ஒரு பக்கச் சுவர். நாலைந்து பேர் கால் நீட்டிப் படுக்கலாம், அவ்வளவுதான் அளவு. இறந்துபோன பிஞ்சுக் குழந்தைகளைப் பானையில் வைத்து வீட்டை ஒட்டியே புதைத்திருக்கிறார்கள். தூரமாகக் கொண்டுபோக மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

சரி, கீழே இவ்வளவு சமவெளி கிடக்க எதற்கு மலைமேல்? இதைத்தான் என் பையனும் கேட்டான். பெல்லாரியில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். நாலு தூறல் விழுந்தால் கரிசல் மண் காலைப் பிடித்துக்கொள்ளும், செருப்பு கையில் வந்துவிடும். பாறைமேல் அந்தத் தொல்லை இல்லை. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கும். மலையில் விழும் தண்ணீரெல்லாம் வழிந்து அடிவாரத்துச் செம்மண்ணில் இறங்குவதால் குறைந்த மழையிலும் அங்கே ஈரம் நிற்கும். அந்த அடிவாரமும், சரிவில் கல் கட்டி நிறுத்திய மேடைகளும்தான் அவர்கள் புழங்கிய இடம். கல் கோடாலியை வைத்துக்கொண்டு கரிசலை உழ முடியாது. அவர்கள் கையில் இருந்த கருவிக்கும் மழைக்கும் இந்த மலைதான் தோது. பஹணியில் நாம் கராப் என்று கழித்துவிட்ட இடம் அவர்களுக்கு முதல் தரம். நாம் முதல் தரம் என்று ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் கொடுக்கும் கரிசல் அவர்களுக்குக் கிட்டத்தட்ட கராப்!

அடுத்தது சாம்பல். இந்தப் பக்கம் பல இடங்களில் சாம்பல் மேடுகள் இருக்கின்றன. ஹம்பிக்குப் பக்கத்தில் நிம்பாபுரத்தில் இருப்பதை, ராமன் கொன்ற வாலியை எரித்த சாம்பல் என்று இன்றும் காட்டுகிறார்கள். எரிமலை, இரும்பு உருக்கிய இடம் என்று வெள்ளைக்காரர்களும் ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறார்கள். 1957-ல் ரேமண்ட் ஆல்சின் தெலங்கானாப் பக்கம் உட்னூரில் ஒரு மேட்டைத் தோண்டி விஷயத்தை உடைத்தார். மாட்டுப் பட்டி. சுற்றிலும் மரக் கம்பு நட்ட வேலி, உள்ளே மாட்டுக் குளம்புத் தடம்கூட இருந்தது. சேர்ந்த சாணத்தை அவ்வப்போது கொளுத்தியதில் உண்டான சாம்பல்தான் மேடு மேடாக நிற்கிறது. மாட்டுப் பொங்கல் மாதிரி பண்டிகைகளில் நெருப்பு வளர்த்து மாட்டை ஓட்டும் வழக்கம் இதன் தொடர்ச்சியாக இருக்கலாம் என்று ஆல்சின் எழுதினார். கர்நாடகாவில் தெற்கே சங்கராந்தி அன்று மாட்டை நெருப்புத் தாண்ட வைக்கிறார்கள். 'கிச்சு ஹாயிஸுவது' என்று பெயர். நான் காங்கேயம் பக்கத்துக்காரன். எங்களுக்கு மாட்டுப் பொங்கல் என்பதே பட்டிப் பொங்கல்தான். பட்டி என்ற அந்த வார்த்தை இந்தப் பாறைக்காட்டில் இப்படி வந்து எதிரே நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கப்பகல்லு மலையில் கறுப்புக் கல் ஒன்று வரிசையாக ஓடுகிறது. டோலரைட் என்கிறார்கள். அதன்மேல் நூற்றுக்கணக்கில் மாடுகளைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். திமிலும் நீளக் கொம்புமாக நம்ம காங்கேயம் காளை போஸ் கொடுத்த மாதிரியே இருக்கிறது. அங்கே சில பாறைகளில் வழவழவென்று பள்ளங்கள். சின்னக் கல்லால் தட்டினால் மணி மாதிரி கேட்கிறது. பையன் மெதுவாக ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இரண்டாவது தட்டுத் தட்டாமல் அப்படியே நின்றான். (அதற்குப் பிறகு பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் இதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லை!)

நிற்க. சாப்பாட்டுக்கு வருவோம்.

ஃபுல்லர் என்பவர் மண்ணைத் தண்ணீரில் கரைத்து மிதக்கும் கருகிய விதைகளைச் சேகரித்துப் பார்த்திருக்கிறார். கிடைத்தவற்றில் முக்கியமானவை கொள்ளு, பச்சைப்பயறு, இரண்டு வகைச் சிறுதானியம். ஒன்று கன்னடத்தில் கொரலே என்கிறார்களே, அது. கோதுமை, பார்லி எல்லாம் வடமேற்கிலிருந்து பின்னால் வந்து சேர்ந்தவை, கொஞ்சமாக. எகிப்து, ஈராக் பக்கமிருந்து விவசாயம் வரட்டும் என்று இவர்கள் காத்திருக்கவில்லை, இங்கேயே காட்டில் கிடந்ததைப் பயிராக்கிக்கொண்டார்கள் என்பது ஃபுல்லரின் வாதம். நம்ம திருப்பத்தூர் பக்கம் பையம்பள்ளியிலும் இதே புதிய கற்கால மக்கள் இருந்திருக்கிறார்கள். அங்கேயும் கருகிய கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன.

அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் போனில் சொன்னேன். எண்பது வயதை நெருங்குகிறார், ஊரில் தனியாக இருக்கிறார், இங்கே வரச் சொன்னால் வருவதில்லை. நான் மலை, வட்ட வீடு, மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று அளந்துகொண்டிருந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கொள்ளு அங்க கெடைக்குதா கண்ணு?" என்றார். கிடைக்கிறது அம்மா, இங்கே ஹுருளி என்கிறார்கள், தெலுங்கில் உலவலு. "அப்பறமென்ன, வாரத்துக்கு ஒருக்கா ரசம் வெச்சுக் குடிங்க. ஒடம்பு ஊதிப் போச்சு உனக்கு." மூவாயிரத்து ஐந்நூறு வருஷ ஆராய்ச்சி என் இடுப்பளவில் வந்து முடிந்தது :-)

ஆனால் ஒன்று. எனக்கு இந்த ஊர்மேல் இருந்த வெறுப்பு அன்றைக்குத்தான் கொஞ்சம் இறங்கியது. ஊரை விட்டு அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, பாஷை தெரியாத ஊரில், மாற்றல் எப்போது வரும் என்று நாளைக் கிழித்துக்கொண்டிருந்தவனுக்கு, எங்கள் வீட்டுக் கொள்ளும் பட்டியும் இங்கே நமக்கெல்லாம் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

சரி, லோனுக்கு வருகிறேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்குப் பார்ட்டியே ஜீப்பில் கூட்டிப்போனார். கிரஷர் போடும் இடம், கரண்ட் லைன், பாதை எல்லாம் பார்த்து முடித்தோம். லீஸ் பகுதியைப் பார்க்க மலை ஏறினோம். பாதி மலையில் என் கால் தானாக நின்றது. சரிவில் இடுப்பளவு உயரத்துக்குக் கல் அடுக்கிய வரிசை. அதன் பின்னால் சமமான மேடை. மேடையில் வளைவாகப் பதிந்த கற்கள். பக்கத்துப் பாறையில் ஒரு முழ நீளத்துக்கு வழவழப்பாகத் தேய்ந்த பள்ளங்கள். கோடாலியைத் தேய்த்துத் தேய்த்துத் தீட்டினால் அப்படித்தான் பள்ளம் விழும் என்று சங்கனகல்லில் கேஷியர் காட்டியிருந்தார்.

பார்ட்டியிடம் கேட்டேன். அவருக்கு என் கேள்வி வேடிக்கையாக இருந்தது. "எங்கப்பா இங்கதான் சார் ஆடு மேய்ச்சார். ராத்திரி ஆட்டை அடைக்க இந்தக் கல் வரிசையை நாங்களே எடுத்துக் கட்டுவோம். கீழ விழுந்தா மறுபடி அடுக்குவோம். அதுக்கு முன்னாடி தாத்தா. அதுக்கு முன்னாடி யாரோ" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சின்ன வயசுல இந்தப் பள்ளத்துல தண்ணி ஊத்தி ஆட்டுக்குட்டிக்குக் குடுப்பேன்" என்றும் சொன்னார்.

அவர் மேல் எனக்கு எந்தக் கோபமும் வரவில்லை. மழை பொய்த்தால் ஆடும் இல்லை, கொள்ளும் இல்லை. அந்த மலையைச் சுற்றியிருக்கும் ஊரில் இருபது முப்பது பேருக்கு வேலை கொடுப்பேன் என்கிறார். நான் குடியிருக்கும் அபார்ட்மென்டும், என் ஆபீசுக்குப் போகும் ரோடும் இதே மாதிரி ஏதோ ஒரு மலையை உடைத்த ஜெல்லியில்தான் நிற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்த்தேன். மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் சின்னம் என்றால், சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. ஆனால் பட்டியலில் இருக்கவேண்டும். நாடு முழுக்க 3,600-க்கு மேல் சின்னங்கள் அதில் உண்டு. கோயில், கோட்டை, மசூதி என்றால் சுலபம், பார்த்தாலே தெரியும். இடுப்பளவுக் கல் வரிசையை யார் பார்த்து, யார் எழுதி, யார் சேர்ப்பது? சங்கனகல்லுக்காவது ஃபூட் காலத்திலிருந்து பெயர் இருக்கிறது. அப்படிப் பெயரெடுத்த இடத்திலேயே குவாரிக்காரர்கள் பாறையை உடைப்பது பற்றி 2004-ல் நிகோல் பொவான் எச்சரித்தார். பெயரில்லாத மலைகளின் கதி என்ன?

பி.காம். இரண்டாம் வருஷத்தில் தேய்மானம் பற்றிப் பாடம் வரும். படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மெஷினுக்கு ஒரு முறை, குத்தகைக்கு ஒரு முறை. சுரங்கம், குவாரி இவற்றுக்கு மட்டும் 'வேஸ்டிங் அசெட்' என்று பெயர், டிப்ளீஷன் முறை. மொத்தம் எத்தனை டன் இருக்கிறது, இந்த வருஷம் எத்தனை டன் எடுத்தோம், அந்த விகிதத்தில் மதிப்பைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். கடைசி டன் எடுத்ததும் மதிப்பு பூஜ்யம். கணக்கு நேர். பார்ட்டியின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. லீஸ் காலம் முடியும்போது மலையின் மதிப்பு பூஜ்யம். எனக்கு உறுத்தியது அந்தக் கடைசி பூஜ்யம் இல்லை. ஆரம்ப மதிப்பிலேயே டன் கணக்கைத் தவிர வேறு எதுவும் இல்லையே, அதுதான். அந்த மேடைக்கும் வளைவுக் கல்லுக்கும் தேய்ந்த பள்ளத்துக்கும் எந்தக் காலத்திலும் ஒரு பைசா ஏறவில்லை. வரவில் இல்லாதது நஷ்டத்திலும் வராது.

பழங்காலத்து மக்களும் ஒன்றும் மலையைப் பூப்போட்டுக் கும்பிட்டவர்கள் இல்லை. ஹிரேகுட்டவில் அவர்களும் கல் உடைத்தார்கள், சின்ன அளவிலும் இல்லை. கி.மு. 1400-ஐ ஒட்டி அந்த மலை ஒரு கோடாலி ஃபாக்டரி. டோலரைட்டை உடைத்து, தட்டிச் செதுக்கி, தேய்த்துத் தீட்டி வெளியூருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். வட்டமாகக் கல் கட்டிய ஒரு கட்டிடத்தையே பட்டறையாக்கியிருக்கிறார்கள், உள்ளே தரையெங்கும் சில்லுகள். ஆகவே கல் உடைப்பது பாவம் என்றெல்லாம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அவர்கள் எண்ணூறு வருஷம் வாழ்ந்து, தலைமுறை தலைமுறையாக உடைத்த பிறகும் மலை இருந்தது. நாம் போய்ப் பார்க்கும்படி இருந்தது. ஒரு கிரஷருக்கு அவ்வளவு காலம் வேண்டாம்.

ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தேன். எங்கள் படிவத்தில் எல்லாவற்றுக்கும் காலம் இருக்கிறது. பாதை உண்டா, தண்ணீர் உண்டா, வேலையாட்கள் கிடைப்பார்களா, பக்கத்தில் போட்டி யூனிட் உண்டா. 'மலையில் வீடுகள் உண்டா, அவை எத்தனை வருஷத்துக்கு முந்தியவை' என்று கேட்கவில்லை. கடைசியில் 'இதர குறிப்புகள்' என்று இரண்டு வரி இடம் இருந்தது. லீஸ் பகுதியில் பழைய கல் கட்டுமானங்களும் கருவி தீட்டிய பள்ளங்களும் காணப்படுகின்றன, தொல்லியல் துறையிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று கடிதம் பெற்ற பிறகு சாங்ஷன் செய்யலாம் என்று எழுதினேன். நாலு போட்டோவும் இணைத்தேன்.

மேலதிகாரி கூப்பிட்டார். நல்ல மனிதர். "லீஸ் கொடுத்தது கவர்மென்ட். நாம பாங்க். இதை நாம கேட்கணும்னு எந்த சர்க்குலர்ல இருக்கு?" என்றார். எந்த சர்க்குலரிலும் இல்லை சார், ஆனால் நாளைக்கு யாராவது புகார் கொடுத்து லீஸ் நின்றால் நம்ம தவணையும் நிற்கும், ரிஸ்க் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் என்னையும் போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரிஸ்க்னு எழுதினா சரி" என்று கையெழுத்துப் போட்டார். மூவாயிரத்து ஐந்நூறு வருஷம் என்று சொல்லியிருந்தால் போட்டிருப்பாரா, தெரியாது.

தொல்லியல் துறைக்குக் கடிதம் போனது. பார்ட்டி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். பிறகு ஒருநாள் இனிப்பு டப்பாவோடு வந்து, வேறு இடத்தில் கடன் கிடைத்துவிட்டது என்று சொல்லி, ஃபைலைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வருத்தம் எல்லாம் இல்லை அவருக்கு. "சார், அந்தப் பள்ளம் இருக்கற பாறையைக் கடைசியா உடைக்கச் சொல்றேன்" என்றார். கிண்டலாகச் சொன்னாரா நிஜமாகவா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நிஜமாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். அவர் ஆட்டுக்குட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய பாறை அது.

அந்தப் பக்கம் இப்போது டிப்பர்கள் போய்வருகின்றன. மலையின் ஒரு பக்கம் வெள்ளையாகத் தெரிகிறது. மேடை இருந்த சரிவுக்கு இன்னும் போகவில்லை. போட்டோக்களை, எடுத்த தேதி, சர்வே நம்பர், ஜி.பி.எஸ். அளவு எல்லாம் போட்டு அருங்காட்சியகத்துக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்பி வைத்தேன். அது கிடைத்ததற்கு அத்தாட்சியாக ஒரு வரி வந்திருக்கிறது. என்னால் முடிந்தது அவ்வளவுதான். அந்த மலையில் யாரோ குடியிருந்தார்கள் என்று ஏதோ ஒரு அலுவலக ஃபைலில் இரண்டு வரி இருக்கிறது. நேற்று வரைக்கும் அதுவும் இல்லை.

இதை எழுதுவதற்குக் காரணம், இந்த மாதிரி மலைகள் பெல்லாரியில் மட்டும் இல்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருப்பத்தூர், எங்கள் காங்கேயம் பக்கம்கூட உங்கள் ஊருக்கு வெளியே ஒரு கரடு இருக்கும். கரட்டில் ஆடு மேய்க்கிறவரிடம் போய்க் கேட்டால், இங்கே ஒரு கல் வட்டம் இருக்கிறது, அங்கே ஒரு தேய்ந்த பள்ளம் இருக்கிறது என்று கையைக் காட்டுவார். அவருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. லீவுக்குப் போகும்போது ஒரு சாயங்காலம் ஏறிப் பாருங்கள். இருந்தால் நாலு போட்டோ எடுத்து, எந்த இடம் என்று குறித்து, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் போடுங்கள். எதையும் பிடுங்கி வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஏறும்போது தண்ணீர் எடுத்துப் போங்கள், வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுங்கள்.

ஃபைலில் அதற்குப் பெயர் தரிசு, புறம்போக்கு, கராப் என்று எதுவாக இருந்தாலும் ஏறிப் பார்த்துவிடுங்கள். அந்தப் பெயரை வைத்த கிளார்க் மலை ஏறியிருக்க மாட்டார். நானும் அந்த சாதிதான், சொல்கிறேன்.